பதிவேட்டில் 20 பேர், பாயில் 6 பேர்: கற்போர் மையங்களை மாநில அரசு எப்படிக் கண்காணிக்கிறது?

கோரையாறு (கேள்வி)

15 வயதும் அதற்கு மேலும் ஆகி எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத்துக் கற்போர் மையங்களைப் பார்வையிட்டுக் குறிப்பு எழுதும் பொறுப்பு. தமிழ்நாட்டு நடைமுறை தெரிந்தவர்கள் உதவுங்கள்.

சிக்கல் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வருகைப் பதிவேட்டில் 20 பெயர், சாயங்காலம் பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் 6 பேர். ஆனால் ஆண்டு முடிவில் தேர்ச்சிப் பட்டியலில் 20 பேரும் இருக்கிறார்கள். மேலிருந்து வரும் படிவம் "மையம் செயல்படுகிறதா? ஆம்/இல்லை" என்பதோடு முடிந்துவிடுகிறது.

இதில் யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? மையத்துக்குப் போனால் குறைந்த நேரத்தில் உருப்படியாக எதைப் பார்க்கலாம்? தேர்வு முடிவை எவ்வளவு நம்பலாம்? கேட்ட விவரம் கிடைக்காவிட்டால் அடுத்த வழி என்ன?

கோப்புப்புழு

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், பாதிக் குழப்பம் அங்கேதான். 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை. அரசமைப்பின் 21ஏ பிரிவு இருக்கிறது, 2009ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 15 வயதை எட்டியவருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால் வயது வந்தோர் கல்வியில் கண்காணிப்பு எல்லாம் ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிமுறை, மாநில அரசாணை, இயக்குநரின் செயல்முறைகள் என்ற அளவில்தான். "என் மையத்தில் வகுப்பே நடக்கவில்லை" என்று கற்பவர் புகார் சொல்லத் தனி ஆணையம் கிடையாது.

சங்கிலி இப்படிப் போகிறது. மேலே பள்ளிக் கல்வித் துறை. அதன் கீழ் சென்னையில் பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம். மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் குழு இருந்தாலும் கோப்பு நகர்வது முதன்மைக் கல்வி அலுவலர் மேசையில். ஊராட்சி ஒன்றியத்தில் வட்டாரக் கல்வி அலுவலர், வட்டார வளமைய மேற்பார்வையாளர், ஆசிரியர் பயிற்றுநர்கள். கடைசியில் பள்ளித் தலைமை ஆசிரியர். இந்தத் திட்டத்தில் நடைமுறைப்படுத்தும் அலகே பள்ளிதான். கணக்கெடுப்பு, பாடம் நடத்தத் தன்னார்வலரைப் பிடிப்பது, திட்டத்துக்கான உல்லாஸ் செயலியில் விவரம் ஏற்றுவது எல்லாம் அவர் தலையில்தான் விழும்.

இப்போது பணம். 2022 முதல் 2027 வரை ஐந்து ஆண்டுகளுக்கு நாடு முழுக்க ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். ஒன்றிய அரசின் பங்கு 700 கோடி, மாநிலங்களின் பங்கு 337.90 கோடி. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு 60:40 விகிதம். இலக்கு 5 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 208 ரூபாய்கூட வரவில்லை. புத்தகம், பயிற்சி, தேர்வு, அச்சு, கண்காணிப்பு எல்லாமே அதற்குள். தன்னார்வலருக்கு மதிப்பூதியம் கிடையாது என்பது விதியிலேயே இருக்கிறது. ஆசிரியர் பயிற்றுநர் ஏன் தொலைபேசியிலேயே "பார்வை" முடிக்கிறார் என்பதற்குப் பாதி விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஒன்றிய நிதி மாநிலக் கருவூலத்துக்கு வந்து, அங்கிருந்து மாநிலப் பங்கோடு சேர்ந்து, திட்டத்துக்கென ஒரே முகமை நடத்தும் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் என்பது 2021 ஜூலையில் வந்த ஏற்பாடு. வந்த பணம் செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை வராது. விளைவு: பணம் செலவானதா என்பதை மாநிலம் உன்னிப்பாகப் பார்க்கிறது, ஏனென்றால் தவணை அதில் தொங்குகிறது. கற்பவருக்கு வாசிக்க வந்ததா என்பதில் எந்தத் தவணையும் தொங்கவில்லை. கண்காணிப்பு எந்தப் பக்கம் சாயும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இரவுப்பள்ளி

கோப்புப்புழு சொன்னது மேல்மாடிக் கதை. நான் தரையில் இருந்து சொல்கிறேன். ஒரு மையத்துக்கு ஒரு மணி நேரம் வையுங்கள்.

போவதற்கு முன் நாள் கணக்கு போடுங்கள். தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்துக்கு 6 மாதத்தில் 200 மணி நேரம் வகுப்பு. நாளுக்கு 2 மணி என்றால் 100 நாள். 6 மாதம் என்பது 26 வாரம். வாரம் 5 நாள் நடந்தால் 130 நாள். ஆக 30 நாள்தான் கையிருப்பு. தீபாவளி, பொங்கல், அடைமழை, நடவு, அறுப்பு, ஊர்த் திருவிழா, ஊரில் ஒரு சாவு எல்லாம் அந்த 30 நாளைத் தின்னும். மையம் தொடங்கிய தேதியைக் கேளுங்கள். நவம்பர் நடுவில் தொடங்கி மார்ச் நடுவில் தேர்வு என்றால் வாரம் 5 நாள் நடத்தினாலும் 85 நாளைத் தாண்டாது. பதிவேட்டில் 200 மணி காட்டியிருந்தால் மேற்கொண்டு துருவ வேண்டியதே இல்லை.

அடுத்து வருகைப் பதிவேடு. டிக் அடித்த பதிவேடு எதற்கும் உதவாது; கற்பவரே கையொப்பம் இடும் பதிவேடாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. முதல் மாதம் கைநாட்டு. இரண்டாம் மாதம் பெயரின் முதல் எழுத்து மட்டும், கோட்டைத் தாண்டி. நான்காம் மாதம் முழுப்பெயர், ஒரு புள்ளி விட்டுப்போய். முதல் நாளிலிருந்தே கூட்டெழுத்தில் வழுவழுவென்று கையொப்பம் இருந்தால் இரண்டில் ஒன்று: அவர் ஏற்கெனவே எழுதத் தெரிந்தவர், அல்லது போட்டது வேறு கை. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம் 20 நாளுக்கு ஓடினால் ஒரே மூச்சில் நிரப்பியது. மழை கொட்டிய நாளில் 20க்கு 20 இருந்தாலும் அப்படியே.

கணக்கெடுப்புப் பட்டியலையும் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே வழக்கமாக நுழையும் பிழைகள் இவை. பகல் 11 மணிக்கு வீடு வீடாகப் போனதால் வேலைக்குப் போனவர்கள் விடுபட்டு, வீட்டில் இருந்தவர்கள் மட்டும் சேர்ந்திருப்பார்கள். முந்தைய கற்போம் எழுதுவோம் இயக்கத்தில் தேறியவர் மறுபடி "எழுதப் படிக்கத் தெரியாதவர்" ஆகியிருப்பார். 13, 14 வயதில் பள்ளியை விட்ட பிள்ளையை 15 என்று எழுதி இங்கே தள்ளியிருப்பார்கள். இது மட்டும் மன்னிக்கக் கூடாத பிழை. அந்தப் பிள்ளை பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கில் வர வேண்டும், இங்கே சேர்த்தால் பள்ளி உரிமையே காணாமல் போகும். இன்னொன்று, அறிவுசார் குறைபாடு உள்ளவரைச் சிறப்பு ஏற்பாடு எதுவும் இல்லாமல் பட்டியலில் சேர்த்துவிட்டு, தேர்வன்று "வரவில்லை" என்று முடித்துவிடுவது.

மையத்துக்குள் போனதும் விளக்கையும் கண்ணையும் பாருங்கள். 45 வயதுக்கு மேல் கிட்டப் பொருள் மங்குவது இயல்பு. புத்தகத்தை முழங்கை நீட்டிப் பிடித்து வாசிக்கப் பார்ப்பவருக்குப் பாடம் சொல்லிப் பயனில்லை, முதலில் வாசிப்புக் கண்ணாடி வேண்டும். "மூன்று மாதமாக வருகிறார், ஏறவே இல்லை" என்று தன்னார்வலர் சொல்லும் பேர்வழிகளில் கணிசமானோர் கிட்டத்தில் கண் மங்கியவர்கள்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் பரிசோதகர் வரும் நாளைக் கேட்டு மையத்தையே கூட்டிப்போகச் சொல்லுங்கள். உங்கள் குறிப்பால் உடனே பலன் தரக்கூடிய ஒரே வரி இதுவாக இருக்கும்.

பிறகு வாசிப்பு. பதிவேட்டில் 4, 11, 17 என்று மூன்று எண்ணைத் தொட்டு அவர்களைக் கூப்பிடுங்கள். தன்னார்வலர் நிறுத்தும் ஆள் வேண்டாம். புத்தகப் பக்கத்தை வாசிக்கச் சொல்லாதீர்கள், அது மனப்பாடம். பாடத்தில் "மரம்", "படம்" வந்திருந்தால் நீங்கள் தாளில் "மடம்", "பரம்" என்று எழுதிக் காட்டுங்கள். எழுத்தைக் கூட்டத் தெரிந்தவர் தடுமாறியாவது சொல்லிவிடுவார். படத்தைப் பார்த்து ஒப்பித்தவர் "மரம்" என்றே சொல்வார். அடுத்த படி உகர, ஊகார எழுத்துகள். கு, சு, டு, பு, மு என ஒவ்வொன்றுக்கும் குறி வேறு வேறு மாதிரி. கூ, சூ, பூ, மூ அதைவிட மோசம். ஆகாரத்துக்குக் கால் போட்டால் போதும் என்று பழகிய கை இங்கே நின்றுவிடும். கொம்பில் கெ, கே குழப்பம் சாதாரணம், அதைக் குறையாக எழுத வேண்டாம். கடைசியாகப் பேருந்துப் பலகை, ரேஷன் கடை ரசீது, வங்கிப் புத்தகத்தில் கடைசி வரி இவற்றில் ஒன்று.

ஒரு கிளைக் குறிப்பு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ஒன்றிரண்டு வகுப்பு படித்து நின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "னை", "லை"யைப் பழைய யானைத் தும்பிக்கை வடிவில் எழுதுவார்கள், தன்னார்வலர் அதைத் தவறு என்று அடித்துவிடுவார். அவர்கள் புதிய கற்போர் அல்ல, மறந்தவர்கள். பத்து நாளில் தேறுவார்கள், தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணறிவில் நேர் எதிர் நிலைமை. சந்தையில் 347 ரூபாய்க்கு 500 கொடுத்தால் 153 என்று கண் இமைக்காமல் சில்லறை தருபவருக்கு, தாளில் 500 எழுதிக் கடன் வாங்கிக் கழிக்க வராது. தேர்வு தாளைத்தான் பார்க்கும். தன்னார்வலரிடம் சொல்ல வேண்டியது: கணக்கைச் சொல்லித் தர வேண்டாம், அவர் போடும் கணக்கை எப்படி எழுதுவது என்று காட்டினால் போதும்.

குறிப்பு எழுதும்போது "மையம் சிறப்பாகச் செயல்படுகிறது" என்று எழுதாதீர்கள். நாள், வந்த நேரம், இருந்தவர் எண்ணிக்கை, அதே நாளில் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கை, எட்டிய பாடம், மூவரும் வாசித்தது எதுவரை, யார் எந்தத் தேதிக்குள் எதைச் செய்ய வேண்டும். ஏழெட்டு வரி போதும். பார்வைப் பதிவேட்டிலேயே எழுதி, ஒரு நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பி ஒப்புகை வாங்குங்கள்.

கோரையாறு

கையொப்ப யோசனை அருமை, நன்றி. ஆனால் மாவட்ட அளவில் கேட்டால் "தேர்ச்சி விழுக்காடு பாருங்கள், அதுதான் ஆதாரம்" என்கிறார்கள். அதற்கு என்ன பதில்?

தாள்திருத்தி

தேர்வின் அமைப்பைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். அடிப்படை எழுத்தறிவு மற்றும் எண்ணறிவு மதிப்பீட்டுத் தேர்வு 150 மதிப்பெண். வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு தலா 50. நேரம் 3 மணி. ஒவ்வொன்றிலும் 33 விழுக்காடு, அதாவது 17 எடுக்க வேண்டும். எட்டாதவருக்குக் கருணை மதிப்பெண் உண்டு, ஆனால் மூன்றுக்கும் சேர்த்து 5ஐத் தாண்டக் கூடாது. சான்றிதழ் தருவது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். அதன் பெயர் சான்றிதழில் இருப்பதால் வெளியாள் நடத்திய தேர்வு என்று பலர் நினைக்கிறார்கள். தேர்வறை, கண்காணிப்பாளர், திருத்துபவர் எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. இலக்கை எட்ட வேண்டியவரும் எட்டியதை அளப்பவரும் ஒரே துறை. யாருடைய நேர்மையையும் சந்தேகிக்காமலே சொல்லலாம், இது அளவுகோலின் பலவீனம்.

அதனால் விழுக்காட்டைக் கேட்காதீர்கள், மதிப்பெண் பரவலைக் கேளுங்கள். நிஜமான மையத்தில் மதிப்பெண் சிதறிக் கிடக்கும்: ஒருவர் வாசிப்பில் 41, எண்ணறிவில் 19, இன்னொருவர் தலைகீழ். ஒரு மையம் முழுவதும் 17, 18, 19க்குள் அடைந்து கிடந்தால் தாளைப் பார்த்து மதிப்பெண் போடவில்லை, மதிப்பெண்ணைப் பார்த்துத் தாளைத் திருத்தியிருக்கிறார்கள். எல்லோரும் 45க்கு மேல் என்றால் எழுதத் தெரிந்தவர்களைத்தான் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஒரே தவறு ஒரே வரியில் பத்துத் தாளில் வந்தால் கரும்பலகை தேர்வு எழுதியிருக்கிறது.

முடிந்தால் தேர்வறையில் ஒரு வேலை செய்யுங்கள். தாளின் முகப்பில் பெயர் எழுதும் கட்டத்தைக் கற்பவரே நிரப்புகிறாரா, அறைக் கண்காணிப்பாளர் நிரப்புகிறாரா என்று நின்று பாருங்கள். கூட்டம் அதிகமானால் "நேரமாகிறது, நான் எழுதித் தருகிறேன்" என்று அங்கேதான் ஆரம்பிக்கும். முகப்பை எழுதிய கை உள்ளேயும் போகும்.

தேறாதவர் பட்டியலைத் தனியாக வாங்க மறக்காதீர்கள். தேர்வு ஒரே ஒரு முறை நடப்பதல்ல, அடுத்த முறை எழுதலாம். ஆனால் அந்தப் பட்டியல் யாரிடமும் இருப்பதில்லை, புதிய ஆண்டுக்குப் புதிய இலக்கு வந்துவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, ஏன் இந்த எண்ணுக்கு இவ்வளவு அழுத்தம் என்பதற்கு. 95 விழுக்காட்டை எட்டினால் முழு எழுத்தறிவு என்று மாநிலமே அறிவிக்கலாம். 2024இல் லடாக், 2025இல் மிசோரம், கோவா, திரிபுரா, இமாச்சலப் பிரதேசம் அப்படி அறிவித்தன. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு 80.09 விழுக்காடு, ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. அந்தப் பெண்கள் இடைவெளியை நிரப்பினால்தான் மாநிலக் கணக்கு நகரும். உங்கள் ஒன்றிய அறிக்கையில் ஆண், பெண் எண்ணிக்கை பிரித்துக் காட்டப்படாவிட்டால் அதையும் கேளுங்கள்.

வடக்குத்தெரு

எல்லாம் சரி. ஆனால் மையத்துக்குப் போலீஸ் மாதிரி போகாதீர்கள். தன்னார்வலருக்கு ஒரு பைசா வருவதில்லை. பொய் வருகை அவர் ஆசையால் வருவதில்லை. "20க்குக் குறைந்தால் மையத்தை மூடிவிடுவார்கள்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். முதல் கேள்வியே "உண்மையில் எத்தனை பேர் வருகிறார்கள்? 6 என்றால் 6 என்றே போடுங்கள், நான் எழுதித் தருகிறேன்" என்று இருக்கட்டும். அந்த 6 பேருக்கு நேரம் ஒத்து வருகிறதா என்று கேளுங்கள். சமைக்கும் நேரத்தில் வகுப்பு வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று எழுதும் மையங்கள் நிறைய. நூறு நாள் வேலைத் தளத்தில் மதிய இடைவேளையில் முக்கால் மணி நேரம் நடத்தினால் வருகை தானாக ஏறும்.

இன்னொன்று: சமூகத் தணிக்கை என்ற பெயரில் கிராம சபையில் கற்போர் பெயரை வாசித்துவிடாதீர்கள். ஊர் முன்னால் "எழுதப் படிக்கத் தெரியாதவர்" என்று பெயர் சொன்னால் மறுநாள் ஒருவரும் வர மாட்டார். தெருவாரியாக எண்ணிக்கை மட்டும் போதும். பெயர்ப் பட்டியலைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குள் சரிபாருங்கள்.

பத்துரூபாய் முத்திரை

கடைசிக் கேள்விக்கு நான். விவரம் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 6(1). பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். விவரம் வேறு அலுவலகத்தில் இருந்தால் 6(3)இன்படி 5 நாளில் அவரே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "திட்டம் ஏன் சரியாக நடக்கவில்லை?" என்று கேட்டால் "இது தகவல் அல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கற்போர் பெயர், கைப்பேசி எண் கேட்டால் தனிநபர் விவரம் என்று 8(1)(ஜெ) காட்டுவார்கள், அது நியாயமும்கூட. இப்படிக் கேளுங்கள்: குறிப்பிட்ட ஒன்றியத்தில் மையவாரியாகத் தொடங்கிய தேதி, பதிவு செய்தவர், தேர்வு எழுதியவர், தேறியவர் எண்ணிக்கை ஆண், பெண் பிரித்து, பெயர் நீக்கிய மதிப்பெண் பட்டியல், வந்து சேர்ந்த புத்தகங்களின் இருப்புப் பதிவேட்டு நகல், பார்வையிட்ட அலுவலர் பதவியும் தேதியும், பெறப்பட்ட தொகை, செலவு, பயன்பாட்டுச் சான்றிதழ் நகல். கூடவே 2(ஜெ)இன்படி கோப்பை நேரில் பார்வையிட ஒரு நாள் கேளுங்கள். புத்தகம் வந்த தேதி பிப்ரவரி, வகுப்பு தொடங்கிய தேதி அக்டோபர் என்று இருந்தால் அது ஒரு வரியில் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

மாநில அளவில் பார்க்க வேண்டுமானால் மனு போட வேண்டியதில்லை. சட்டமன்றத்தில் பள்ளிக் கல்வித் துறையின் மானியக் கோரிக்கை எண் 43 வரும்போது வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் இந்த இயக்ககத்துக்கு என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே உள்ள இலக்கு, சாதனை எண்களை உங்கள் மாவட்ட விவரத்தோடு ஒட்டிப் பாருங்கள்.

இரவுப்பள்ளி

ஒன்றை விட்டுவிட்டேன். பொங்கலுக்குப் பின் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள் உள்ள ஊர் என்றால், மார்ச் தேர்வில் அவர்கள் இருக்க மாட்டார்கள். பதிவேட்டில் பெயரை அடித்துவிடவும் கூடாது, வருகை போடவும் கூடாது. "இடம்பெயர்ந்தார்" என்று தேதியுடன் எழுதி, எந்தப் பாடம் வரை முடித்தார் என்பதையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் முதல் பாடத்திலிருந்து உட்கார வைத்தால் இரண்டாம் நாளே எழுந்து போய்விடுவார்.